தியானம் செய்த நீர்வண்டு

கேள்வி: கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தால், மூளை முழுவதும் ஆல்ஃபா என்ற மின் அலை ஒரே தாளத்தில் ஓடுவதாக மூளை அலையை அளக்கும் என் நெற்றிப்பட்டைக் கருவி காட்டுகிறது. இது தியான நிலைதானே?

பதில்: 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் என்ற இரு உடலியலாளர்கள், ஏட்ரியன் தலையில் ஓடிய ஆல்ஃபாவோடு ஒரு நீர்வண்டின் பார்வை நரம்பு முடிச்சையும் ஒப்பிட்டார்கள். இருட்டில் வண்டுக்கும் கிட்டத்தட்ட அதே தாளம். வெளிச்சம் பட்டதும் கலைந்துபோனது. ஏட்ரியன் 1932-லேயே நோபல் வாங்கிவிட்டார். அலைப் பதிவை மட்டும் பார்த்துப் பரிசு கொடுத்திருந்தால் வண்டுக்கும் பாதி போயிருக்கும். அது எந்தக் குருவிடமும் தீட்சை பெற்றதில்லை, செயலிக்கு மாதச் சந்தாவும் கட்டியதில்லை.

தியானத்தை விடுங்கள், 'முழுவதும்' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. விநாடிக்கு 8 முதல் 13 வரை வரும் இந்த அலைக்குச் சொந்த ஊர் பிடரி. நெற்றியில் அது மெலிந்துதான் இருக்கும்; அங்கே கொழுத்திருப்பது கண்ணிமைப்பு. ஆல்ஃபா பெரும்பாலும் 50 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்கும், இமைப்பு சர்வசாதாரணமாக 100-ஐத் தாண்டும். பிறகு நெற்றியில் ஆல்ஃபா எப்படி வந்தது? கருவியின் ஒப்பு மின்முனை, அதாவது மற்ற முனைகளின் அளவிலிருந்து கழிக்கப்படும் முனை, காதில் இருக்கிறதா பாருங்கள். காதுக்குப் பக்கத்திலேயே மூளையின் பொட்டுமடல். அங்குள்ள ஆல்ஃபா காது முனையில் ஏறிவிடும். நெற்றியிலிருந்து காதைக் கழித்தால், காதின் ஆல்ஃபா தலைகீழாக நெற்றிக் கணக்கில் விழும். முழு மின்முனைத் தொப்பி கிடைத்தால், நெற்றியிலிருந்து பிடரிவரை அடுத்தடுத்த முனைகளை இரண்டிரண்டாகக் கழித்துப் பாருங்கள். பிடரியிலுள்ள கடைசி ஜோடியில் மட்டும் அலை தடித்து நின்றால், 'முழுவதும்' என்பதன் குட்டு உடைந்தது.

இன்னொரு வில்லன் மண்டையோடு. ஒரே மூலத்தின் மின்னழுத்தம் அதன் வழியே பரவி, பல முனைகளில் அதே கணத்தில் தெரியும். வானவில் வண்ணத்தில் மூளைப் படம் போட்டு 'எல்லாப் பகுதியும் பேசிக்கொள்கின்றன' என்பவர்கள்மேல் எனக்குள்ள பழைய கடுப்பு இதனால்தான். துளியும் தாமதமில்லாத ஒத்திசைவை ஒதுக்கிவிட்டு, மாறாத இடைவெளியோடு பின்தொடர்வது ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்த்தபிறகு பேசட்டும். அப்படி ஒதுக்கும்போது நிஜமான ஒத்திசைவும் கொஞ்சம் அடிபடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கண்ணைத் திறந்தும் உச்சந்தலையின் பக்கவாட்டில், சி3, சி4 என்று பெயரிட்ட முனைகளில், விநாடிக்கு 10 என்று வளைவு வளைவாக ஓர் அலை ஓடினால் ஞானம் வந்துவிட்டதாகத் துள்ள வேண்டாம். எதிர்ப்பக்கக் கையை மடக்குங்கள். அடங்கினால் அது மியூ, கையசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதியின் ஓய்வு அலை. மடக்குவதாக நினைத்தாலே பலருக்கு அடங்கிவிடும்.