மூடாத மேற்கோள் குறி: ஃப்ரீபிஎஸ்டி கேள்வி-பதில்

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் தொடக்க அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். இப்போது தொடங்கும்போது இயந்திரம் பாதியில் நின்று, எந்த ஷெல் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) வேண்டும் என்று கேட்கிறது. கோப்பைத் திருத்தினாலும் சேமிக்க முடியவில்லை.

பதில்: எங்கோ ஒரு மேற்கோள் குறியை மூட மறந்திருப்பீர்கள். ஆர்சி.கான்ஃப் பார்வைக்குப் பட்டியல் போல இருந்தாலும், ஷெல் அதை ஸ்கிரிப்டாகவே, அதாவது கட்டளைத் தொகுப்பாகவே படிக்கிறது. மூடாத குறி, அடுத்த குறி வரும் வரையுள்ள எல்லாவற்றையும் ஒரே மதிப்பாக விழுங்கிவிடும். ஆகவே பிழைச் செய்தி காட்டும் வரி எண்ணை நம்பாதீர்கள். அதற்கு மேலே தேடுங்கள்.

சேமிக்க முடியாததற்குக் காரணம், அந்தக் கட்டத்தில் ரூட் பகுதி (எல்லாக் கோப்புகளுக்கும் அடிப்படையான '/') படிக்க மட்டுமே திறந்திருப்பதுதான். என்டர் தட்டி ஷெல்லுக்குள் போங்கள். யூஎஃப்எஸ் கோப்பு முறைமை உள்ள வட்டு என்றால், எழுதவும் திறக்க 'மவுண்ட் -யூ /' கொடுங்கள். யூஎஸ்ஆர் தனிப் பகுதியில் இருந்தால் 'மவுண்ட் -ஏ' கொடுத்த பிறகே கோப்பைத் திருத்தும் வழக்கமான விஐ நிரல் கிடைக்கும். திருத்தியதும் 'எஸ்எச் -என்' கட்டளையால் கோப்பைச் சோதியுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் இலக்கணம் சரி.

இலக்கணம் மட்டும்தான்! ஒருமுறை இணையப் பக்கத்திலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இயந்திரத்துக்குள் நுழைய உதவும் சேவை) வரியை அப்படியே ஒட்டினேன். அதிலிருந்தவை அச்சில் வரும் வளைந்த மேற்கோள் குறிகள். ஷெல்லுக்கு அவை வெறும் எழுத்துகள். 'யெஸ்' என்ற மதிப்பு வேறு ஏதோவாகிவிட்டது. தொலைவிலிருந்த சர்வரில் எஸ்எஸ்எச் எழவே இல்லை. அன்றிலிருந்து கையால் எழுதுவதில்லை, ஆர்சி.கான்ஃபை மாற்றித் தரும் சிஸ்ஆர்சி கட்டளைதான்.

கேள்வி: இணைய சர்வர் நிரலான என்ஜின்எக்ஸ் நிறுவினேன். 'சர்வீஸ்' கொண்டு தொடங்கச் சொன்னால் மறுக்கிறது.

பதில்: நிறுவுவது வேறு, அனுமதிப்பது வேறு. ஆர்சி.கான்ஃபில் 'என்ஜின்எக்ஸ்_எனேபிள்' மதிப்பை யெஸ் ஆக்குங்கள். இப்போதைக்கு ஒரு முறை ஓடினால் போதும் என்றால், 'ஸ்டார்ட்' என்பதற்குப் பதில் 'ஒன்ஸ்டார்ட்'. மறுப்புச் செய்தியிலேயே இது எழுதியிருக்கும்.

கேள்வி: இரண்டாவது வட்டு பொருத்திய பிறகு 'மவுண்ட்ரூட்' என்று வந்து நிற்கிறது.

பதில்: பழைய வட்டின் பெயர் ஏடிஏ0 என்பதிலிருந்து ஏடிஏ1 ஆகியிருக்கலாம்; எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பு இன்னும் பழைய பெயரையே சொல்கிறது. அங்கேயே கேள்விக்குறி தட்டினால் தெரிகிற வட்டுகள் பட்டியலாக வரும். சரியான பகுதியை, முன்னால் 'யூஎஃப்எஸ்:' சேர்த்துக் கொடுத்தால் தொடக்கம் தொடரும். உள்ளே போனதும் எஃப்எஸ்டேப்பில் வட்டு எண்களுக்குப் பதிலாக ஜிபிடி லேபிள்களை (பகுதிகளுக்கு வைத்த பெயர்களை) எழுதுங்கள். கேபிளை எந்த இணைப்பில் மாற்றிச் செருகினாலும் லேபிள் மாறாது.

கேள்வி: இயந்திரம் தொடங்கும்போது, அஞ்சல் அனுப்பும் நிரலான சென்ட்மெயில் வரியில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறது.

பதில்: தன் முழுப் பெயரைத் தேடிக் காத்திருக்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் புள்ளியோடு கூடிய முழுப் பெயரைச் சேருங்கள். அஞ்சலே அனுப்பாத இயந்திரம் என்றால் 'சென்ட்மெயில்_எனேபிள்' மதிப்பை 'நன்' ஆக்கிவிடலாம். வெறும் 'நோ' போதாது. 14.0 பதிப்பிலிருந்து இயல்பாக வருவது டிஎம்ஏ என்ற வேறு அஞ்சல் நிரல் என்பதால், புதிதாக நிறுவியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.