அந்தக் கறுப்புத் துண்டின் பெயர்

தம்பி, கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்க்காரர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். எனக்குத் தக்கலை. ஷார்ஜாவுக்குப் போய் 19 வருடம் ஆகிறது. இப்போது விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜூன் மழை ஓட்டின்மேல் கொட்டுகிறது. அங்கே உங்களுக்கு வண்டியின் கதவுப் பிடியைத் தொட்டாலே கை சுடும்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜாவுக்கு வந்து நான்கு மாதத்தில் 2009 மாடல் ஜப்பான் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினீர்கள். இன்ஜினுக்குப் பின்னால், டாஷ்போர்டுச் சுவரை ஒட்டி, கட்டைவிரல் பருமனில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் செருகிய ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு வெடித்துப் பச்சைத் தண்ணீர் கசிகிறது. அதன் ஓரத்தில் மெல்லிய கம்பி ஒன்று வந்து மாட்டுகிறது. மூன்று நாள் அலைந்தும் பொருள் கிடைக்கவில்லை. பெயர் என்ன என்று கடைக்காரர்கள் உங்களையே திருப்பிக் கேட்கிறார்கள். துண்டின்மேல் இருந்த ‘பிஏ66-ஜிஎஃப்30’ என்ற எண்ணைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து வரவழைக்கலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

வண்டியை விற்க வேண்டாம். நாகர்கோவிலுக்கும் இப்போது ஆள் அனுப்ப வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தை நேற்று மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை மாமாவிடம் காட்டினேன். மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே போனேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை ஒரு தரம் பார்த்தார். “மக்களே, இது ஹீட்டர் வால்வு. கருங்கல்காரனுக்கு ஹீட்டர் எங்கே தெரியப் போகிறது?” என்று சிரித்தார். அவர் இளவயதில் ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவர். லடாக் குளிரில் விரல் மரத்துப்போக இதையெல்லாம் கழற்றி மாட்டியிருக்கிறார். நம் மாவட்டத்தில் ஒருவர் ஐம்பது வருடம் வண்டி ஓட்டினாலும் ஹீட்டரின் அந்தச் சிவப்புக் குமிழைத் திருப்ப மாட்டார். உங்களுக்குப் பெயர் தெரியாததற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அது செய்யும் வேலை இதுதான். இன்ஜினில் சூடான கூலன்ட் (நீங்கள் பார்த்த பச்சைத் தண்ணீர்தான்), டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அதன்மேல் காற்று அடித்தால் வண்டிக்குள் வெப்பக் காற்று வரும். போகிற வழியில் நின்று திறந்து மூடுகிற குழாய்தான் உங்கள் கறுப்புத் துண்டு. நீங்கள் சொன்ன கம்பி டாஷ்போர்டில் உள்ள குமிழிலிருந்து வருகிறது. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஏசியின் குளிர்ச்சியும் குறையும். ஏசி முன்போல் இல்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கேஸ் நிரப்பக் காசு கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

இனி அந்த ‘பிஏ66-ஜிஎஃப்30’. அது பாகத்தின் எண்ணே அல்ல, பிளாஸ்டிக்கின் சாதி. நைலான் வகை ஒன்றில் நூற்றுக்கு 30 பங்கு கண்ணாடி இழை கலந்தது என்று அர்த்தம். ஆயிரம் வகைப் பொருள்களில் அதே எழுத்து இருக்கும். கடையில் போய் அதைச் சொல்வது, துணிக்கடையில் ‘பருத்தி’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பதைப் போல. பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டமும் அம்புக்குறியும் இருந்தால் அது வார்த்த மாதத்தையும் வருடத்தையும் காட்டுவது. இரும்புப் பாகங்களில் புடைத்து நிற்கும் எண்களும் பெரும்பாலும் அச்சின் எண்கள்தான், விற்பனை எண் அல்ல. புதிதாக வருகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். நானும் ஏமாந்தவன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன புதிதில் ஓர் ஓட்டைக் கார் வாங்கினேன். பெல்ட் ஓடும் வழியில் சும்மா உருளுகிற ஒரு புல்லி, பூனை கத்துவதுபோல் கத்தத் தொடங்கியது. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். புல்லியின் முதுகில் புடைத்திருந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் நீட்டினேன். மூன்று புல்லி வாங்கினேன். ஒன்று அகலம், ஒன்று விட்டம் சிறியது, மூன்றாவது எந்த வண்டிக்கானது என்று விற்றவருக்கே தெரியவில்லை. அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, விற்ற பொருள் திரும்பாது என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார்கள். அரபியில் எழுதியிருந்தது.

அன்றிரவு போன் கார்டைச் சுரண்டி இதே மாமாவைக் கூப்பிட்டேன். கார்டில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருக்க, அவர் நிதானமாகக் கேட்டார்: “சத்தம் போடுவது புல்லியா, நடுவில் இருக்கிற பேரிங்கா?” நான் விழித்தேன். “கிரீஸைத் துடைத்துவிட்டு பேரிங்கின் விளிம்பைப் பார் மக்களே.” பார்த்தேன். 6203. அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்த நாட்டில் எந்தக் கம்பெனி செய்தாலும் 6203 என்றால் இதே அளவுதான். பழைய பேரிங்கைத் தட்டி எடுத்துப் புதியதை அழுத்தி ஏற்றியதும் பூனை ஓடிவிட்டது. மூன்று புல்லிகளும் கட்டிலுக்கடியில் வெகுகாலம் கிடந்தன.

அந்த எண்ணைப் படிக்கிற வித்தையையும் மாமாவே சொல்லிக்கொடுத்தார். கடைசி இரண்டு இலக்கம் 04 முதல் மேலே போனால் ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் வந்துவிடும். 6204 என்றால் 20, 6205 என்றால் 25. அதற்குக் கீழே 00, 01, 02, 03 மட்டும் முறையே 10, 12, 15, 17. எண்ணுக்குப் பின்னால் ‘2ஆர்எஸ்’ என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, ‘இசட் இசட்’ என்றிருந்தால் தகர மூடி. பெல்ட்டில் ‘6பிகே1230’ என்று கண்டால் ஆறு வரிப் பள்ளம், 1230 மில்லிமீட்டர் நீளம். ஆயில் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்ணும் வரிசையாகவே இருக்கும். பாகத்தின் பெயர் தெரியாவிட்டாலும் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

ஆனால் உங்கள் வால்வு அந்த வகை அல்ல. அதற்கு வண்டிக் கம்பெனியின் எண் வேண்டும். முல்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். (ஊரில் ஆர்சி புத்தகம் என்போமே, அதுதான் அங்கே முல்கியா.) அதில் சேசிஸ் எண் இருக்கும், 17 எழுத்தும் எண்ணும் கலந்து. அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்தும் வரவே வராது. ‘ஓ’ மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம், ‘ஐ’ மாதிரி தெரிந்தால் ஒன்று. இதைத் தப்பாகப் படித்துவிட்டு, ‘அப்படி வண்டியே இல்லை’ என்று கணினி சொன்னதாகத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜின் அறையில் ஒட்டியிருக்கும் தகட்டையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், மாடல் குறியீடு அதில் இருக்கும். ஒரே வருடத்து வண்டியில்கூடப் பாதியில் பாகத்தை மாற்றியிருப்பார்கள். ‘2009 மாடல்’ என்று மட்டும் சொல்வது போதாது.

இரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் வண்டிக் கம்பெனியின் அதிகாரபூர்வ உதிரிபாகக் கவுன்டருக்குப் போங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து ‘ஹீட்டர் வாட்டர் வால்வு’ என்று கேளுங்கள். பிரித்துப் போட்ட வரைபடம் திரையில் வரும். படத்தைப் பார்த்து விரலை வையுங்கள், எண் கிடைக்கும். டொயோட்டாவாக இருந்தால் ஐந்து இலக்கம், நடுவில் ஒரு கோடு, மறுபடி ஐந்து. முதல் ஐந்து என்ன பொருள் என்பதைச் சொல்லும், பின்னால் இருப்பது எந்த வண்டிக்கு என்பதை. ஹீட்டர் வால்வு 87240, முன் பிரேக் பேட் 04465, வாட்டர் பம்ப் 16100. நாலைந்து மனப்பாடமாகிவிட்டால் அடுத்த முறை கவுன்டரில் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும். சில சமயம் பழைய எண்ணைத் தட்டினால் புது எண் வரும். பயப்பட வேண்டாம், பாகத்தைத் திருத்தி எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வெளிக்கடையில் பழைய எண் போட்ட சரக்கு மிஞ்சிக் கிடக்கலாம்.

விலை கூடுதலாகத் தெரிந்தால் அங்கேயே வாங்க வேண்டிய கட்டாயமில்லை. எண்ணோடு வெளிக்கடைக்குப் போங்கள். மலையாளிகளின் கடைகள் நிறைய உண்டு. மலையாளம் கலந்த விளவங்கோடு பக்கத்துப் பேச்சு நமக்கு அங்கே நன்றாகவே உதவும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பட்டாணியர்களின் கடைகளில் பேச்சைவிடப் படமும் பொருளும்தான் பேசும். அதனால் உடைந்த வால்வைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். நீங்கள் மூன்று நாள் அலைந்ததும் இதனால்தான். துண்டு வண்டியில் இருந்தது, நீங்கள் வெறுங்கையோடு வாயால் விளக்கிக்கொண்டிருந்தீர்கள்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கிற யார்டுகளில் இதைத் தேடாதீர்கள். கதவு, ஆல்டர்னேட்டர், கியர்பாக்ஸ் என்றால் நானே அங்கே போவேன். பிளாஸ்டிக்கும் ரப்பரும் மட்டும் கூடாது. உங்களுடையது எந்த வெயிலில் வெடித்ததோ அதே வெயிலில்தான் அதுவும் கிடக்கிறது. இன்னொன்று, அங்கே ஜப்பானிலிருந்து வந்த சரக்கும் கலந்திருக்கும். ஜப்பானில் ஸ்டியரிங் நம் ஊர் போல வலப்பக்கம். குழாய் திரும்புகிற திசைகூட மாறலாம்.

நாகர்கோவிலிலிருந்து வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுவே காரணம். என் மைத்துனர் ஒருமுறை வடசேரியிலிருந்து ஹெட்லைட் கொடுத்தனுப்பினார். நான் கேட்டது ‘டிரைவர் பக்கம்’. அவரும் சரியாகத்தான் வாங்கினார், ஊரில் டிரைவர் பக்கம் வலப்பக்கம்! ஷார்ஜாவில் டிரைவர் உட்காருவது இடப்பக்கம். பொருத்தும் இடத்தை விடுங்கள், ஒளியே வேறு. ஊர் விளக்கின் தாழ்ந்த ஒளி இடப்பக்க ஓரத்தில் ஏறி அடிக்கும்படி செய்திருப்பார்கள். சாலையின் வலப்பக்கம் ஓடும் நாட்டில் அது நேராக எதிரில் வருகிறவன் கண்ணில் விழும். வருடாந்திரப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் எந்தக் கடையிலும் டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்று சொல்லாதீர்கள். இடம், வலம் என்றே சொல்லுங்கள். அதுவும் வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கிற இடம் வலம் அல்ல, சீட்டில் உட்கார்ந்து முன்னே பார்க்கிறவனுடைய இடம் வலம்.

வால்வு வரும்வரை வண்டி நிற்க வேண்டுமா? வேண்டாம். வொர்க்‌ஷாப்பில் சொல்லி அந்த இரண்டு ஹோஸையும் ஒரு சிறு வளைவு ஹோஸால் நேராக இணைத்துவிடச் சொல்லுங்கள். அடைக்கச் சொல்லாதீர்கள், இணைக்கச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் அந்த வழியாகக் கூலன்ட் சுற்றியாக வேண்டும். ஹீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். ஜனவரியில் நண்பர்களோடு ஜெபல் ஜெய்ஸ் மலைக்குக் கிளம்பினால் மட்டும் அது இல்லாத குறை தெரியும். பிளாஸ்டிக் பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அது நிற்காது. கூலன்ட் வடிந்து போய் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் வரும் அடைப்புத் தகடு) எரிந்தால் அப்புறம் உண்மையிலேயே வண்டியை விற்க வேண்டியதுதான். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கவும் வேண்டாம். வால்வை மாற்றும் அன்று இரண்டு ஹோஸையும், கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் வெந்த ரப்பர், கை வைத்தால் அதுவும் கிழியும்.

மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை அலையாதீர்கள். அந்த நேரத்தில் வெயிலில் கட்டட வேலையே செய்யக்கூடாது என்று ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை சட்டம் இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் தேடுகிறவனுக்குத்தான் அப்படி ஒரு சட்டம் இல்லை.

கடைசியாக மாமா ஒன்று கேட்கச் சொன்னார். மாற்றி முடித்ததும் உடைந்த வால்வை எறிந்துவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, காயவைத்து, ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ பெட்ரோல் வாசமோ இருந்தால் விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். அவர் காலத்து வால்வுகள் பித்தளையாம். அளவு எடுத்துக்கொண்டு லேத்தில் பித்தளையிலேயே ஒன்று கடைந்து பார்க்க வேண்டும் என்று இப்போதே ஒரு துண்டுத் தடியை எடுத்து வைத்துவிட்டார்.