மணிக்கட்டு ஸ்கேன்: மார்த்தாண்டம் பக்கத்துக் கேள்விகள்

அல்ட்ராசவுண்ட் அறையில் என்னிடம் அடிக்கடி கேட்பவை இவை.

கே: டாக்டரே, குலசேகரத்துல 20 வருசமா ரப்பர் பால்வெட்டுறேன். ராத்திரி பெருவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்துப் போவுது, கையை உதறினாத்தான் தூக்கம். எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையாம். பின்னே என்ன கோளாறு?

ப: எக்ஸ்ரேயில் எலும்புதான் விழும், நரம்பு விழாது. மணிக்கட்டில் எலும்புகள் தொட்டி மாதிரி நிற்க, மேலே தடித்த நார்ப்பட்டை மூடியிருக்கிறது. உள்ளே விரல் மடக்கும் 9 தசைநாண்கள், கூடவே மீடியன் நரம்பு. இடம் குறைந்தால் நசுங்குவது நரம்புதான். இதைத்தான் கார்பல் டனல் நோய் என்கிறோம். ஸ்கேனில் நல்ல நரம்பின் குறுக்குவெட்டு தேன்கூடு போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். நசுங்கினால் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் வீங்கி, புள்ளி அழிந்து, கருத்துக் கிடக்கும். பரப்பு 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்படுவோம். சுண்டுவிரலும் மரத்தால் சொல்லுங்க, அது வேறு நரம்பு.

கே: நான் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஆலையில, தோல் உரிக்கிறேன். வேலையாலதான் வந்துதா?

ப: ஒரு படத்தை வைத்து அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன் அக்கா. ஸ்கேன் பண்ணும்போது விரலை மடக்கி நீட்டச் சொன்னேனே, அது இதற்காகத்தான். நாண் ஓடும்போது அதைச் சுற்றிய மெல்லிய திசுவும் கூடவே வழுக்க வேண்டும், நரம்பும் ஒதுங்கி வழிவிட வேண்டும். இந்த நோயுள்ள பலருக்குத் திசு தடித்து இறுகி, நரம்பின் நகர்வு குறைந்திருக்கும். ஆனால் இறுக்கம் முதலில் வந்ததா, நசுக்கம் வந்ததா? அதை அறிய, வேலைக்குச் சேரும் நாளிலேயே ஸ்கேன் எடுத்து வருடக்கணக்கில் தொடர வேண்டும். இந்தப் பக்கத்து பெண்களுக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நீங்க சுகரும் தைராய்டும் பார்த்துடுங்க, அவையும் காரணமாகலாம்.

கே: திருவனந்தபுரம் போய் எம்ஆர்ஐ எடுக்கணுமா?

ப: பெரும்பாலும் வேண்டாம். கட்டி ஏதும் அழுத்துகிறதோ என்ற சந்தேகம் இருந்தால் எடுக்கலாம்.

கே: 7 மாசம் கர்ப்பம். ரெண்டு கையும் மரக்குது.

ப: உடம்பில் நீர் கோப்பதால் வருவதுண்டு. பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் குறைந்துவிடும். இரவில் மணிக்கட்டு மடங்காமல் ஸ்பிளிண்ட் கட்டுங்க. ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, பயம் வேண்டாம்.

கே: நரம்பு ரெண்டா பிரிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட்ல இருக்கே?

ப: சிலருக்குப் பிறவியிலேயே அப்படித்தான். நடுவில் ஒரு ரத்தக்குழாயும் ஓடலாம். ஆபரேஷன் என்றால் அந்த ரிப்போர்ட்டைக் கட்டாயம் காட்டுங்க.

கே: ஸ்கேன் நார்மல், மரப்பு போகலியே?

ப: நரம்புக் கடத்தல் சோதனை செய்யுங்க, நரம்பில் மின்துடிப்பு சரியாக ஓடுகிறதா என்று அதில் தெரியும். பெருவிரல் அடியிலுள்ள சதைமேடு வற்றிவருகிறது என்றால் இந்த வாரமே கை அறுவை மருத்துவரைப் பாருங்க.