நோயாளிக்கு என்ன வினைச்சொல்?

இணைய மருத்துவக் குறிப்புகளைத் திருத்தி எழுதும் பணியில் இருக்கிறேன். வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஒரு மருத்துவக் குறிப்பு என்னை எந்த இடத்தில் வைக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வினைச்சொல்லைப் பாருங்கள். ‘ரத்தம் எடுக்கப்படும். தேவையானால் அறுவை சிகிச்சை முடிவு செய்யப்படும். நோயாளி ஒத்துழைக்க வேண்டும்.’ அண்மையில் என் மேசைக்கு வந்த பக்கத்தில் அடுத்தடுத்து இருந்த வரிகள் இவை. முடிவு செய்வது யார்? வாக்கியத்தில் ஆளையே காணோம். நோயாளிக்குக் கிடைத்த ஒரே வேலை ஒத்துழைப்பது! ‘அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை நீங்களும் மருத்துவரும் பேசி முடிவு செய்வீர்கள்’ என்று மாற்றினேன். மருத்துவம் அதேதான். ஆனால் இதைப் படித்தவர் கேள்விகளோடு வருவார்.

கேள்வி: ‘ஆபத்து இரு மடங்கு’ என்று படித்தேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள். எதன் இரு மடங்கு என்று முதலில் கேளுங்கள். 1995இல் பிரிட்டனில் சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தக் கட்டி ஆபத்து இரட்டிப்பாகும் என்ற எச்சரிக்கை பரவியது. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும் என்பதுதான் கணக்கு. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை விட்டார்கள்; மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. முழு எண்ணைச் சொல்லாமல் மடங்கை மட்டும் சொல்வது, படிப்பவரிடம் அச்சத்தைக் கொடுத்து முடிவெடுக்கும் வழியைப் பறிப்பது. இதை நான் மன்னிப்பதே இல்லை.

கேள்வி: ‘நோயாளி’ என்ற சொல்லே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: எனக்கு அதில் சண்டை இல்லை. வள்ளுவர் 950ஆம் குறளில் மருத்துவத்தின் நான்கு பகுதிகளை எண்ணும்போது உற்றவனைத்தான், அதாவது நோய் வந்தவனைத்தான், முதலில் வைக்கிறார். நோயைத் தீர்ப்பவன் அடுத்துத்தான் வருகிறான். சொல்லைவிட வரிசை முக்கியம்.

கேள்வி: மாத்திரையை விட்டுவிட்ட என் அப்பாவைப் போன்றவர்களை ‘சொன்னபடி கேட்காதவர்கள்’ என்கிறது ஒரு கட்டுரை. படித்ததும் மனம் வலித்தது.

பதில்: வலிக்கத்தான் செய்யும். நாள்பட்ட நோய்களுக்கான சிகிச்சையைக் கடைப்பிடிப்பது வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை. பாதிப் பேரும் அடங்காதவர்களா? நோயாளியும் ஒப்புக்கொண்ட ஆலோசனையைப் பின்பற்றுவதே கடைப்பிடித்தல் என்று அதே அறிக்கை வரையறுத்தது. உங்கள் அப்பாவிடம் ‘ஏன் விட்டீர்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘மாத்திரை போட்டால் உடம்புக்கு என்ன செய்கிறது, அப்பா?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு, அவரோடு மருத்துவரிடம் போங்கள்.