குட்டிக் கார்களின் மரண ஓட்டம்: ட்ராக் அமைப்பது பற்றிக் கேள்வி-பதில்

பொம்மைக் கார்களை மேசைமேல் நகர்த்தி, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டே பந்தயம் விடும் ஆட்டம் ‘கேஸ்லேண்ட்ஸ்’. 2017-ல் வந்த அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் இந்த முறை பெரும்பாலான கேள்விகள்.

கேள்வி: தொடக்கத்தில் முந்துகிறவரே எப்போதும் ஜெயிக்கிறார். பின்னால் வருபவர் எவ்வளவு சுட்டாலும் பலன் இல்லை. ஏன்?

உங்கள் ட்ராக்கில் நேர்சாலை அதிகம் போலிருக்கிறது. ஒரு ரவுண்டில் ஆறு கட்டம். நான்காவது கட்டத்தில் நாலாம் கியரிலோ அதற்கு மேலோ இருக்கும் வண்டிதான் நகரும். அதனால் ஆறாம் கியர்க்காரர் ஆறு முறை ஓடுவதற்குள் இரண்டாம் கியர்க்காரருக்கு இரண்டே வாய்ப்பு. போதாததற்கு, சுடப்படுகிறவர் எந்தக் கியரில் இருக்கிறாரோ அத்தனை பகடை உருட்டித் தப்பிக்கப் பார்க்கலாம். விழும் ஒவ்வொரு 6-ம் ஓர் அடியைக் கழித்துவிடும். வேகமே அவருக்குக் கவசம்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றை வையுங்கள். அதற்கான வார்ப்பட்டையை (வண்டி நகரும் பாதையைக் காட்டும் அட்டையை) மேல் கியர்களில் எடுக்கவே முடியாது. கியரைக் குறைத்தால் பின்னால் வருபவருக்கு வசமாக மாட்டுவார். குறைக்காமல் சுற்றிவளைத்துப் போகப் பார்த்தால் ஹசார்ட் டோக்கன் (ஆபத்தைக் கணக்கிடும் வில்லை) சேரும். ஆறு சேர்ந்ததா, வைப்அவுட், அதாவது வண்டி கட்டுப்பாட்டை இழந்துவிடும்! கியர் ஒன்றுக்கு இறங்கும். வண்டி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதை வேறொரு ஆட்டக்காரர் முடிவு செய்வார். நல்ல நண்பராக இருந்தாலும் வந்த வழியைப் பார்த்துத்தான் திருப்பி வைப்பார்.

எனக்குப் பிடித்தது எட்டு வடிவ ட்ராக். நடுச் சந்திப்பில் முதலில் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் குறுக்கே மறித்துக்கொள்வார்கள். குறுக்கில் இடித்தால் இடிப்பவரின் கியர் எத்தனையோ அத்தனை பகடை உருட்டித் தாக்கலாம். நேருக்கு நேர் என்றால் இரண்டு கியரையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தும் நாலும் மோதினால் ஒன்பது பகடை! பின்னாலிருந்து முட்டினால் வித்தியாசம் மட்டும்தான். ஆக, ஒரே திசையில் சுற்றும் வட்ட ட்ராக்கில் இடிக்கிற சுகமே கிடைக்காது.

கேள்வி: கொடி அசைந்ததுமே சுட ஆரம்பித்துவிடுகிறார்கள். பந்தயமே நடப்பதில்லை.

விதியை மறந்துவிட்டீர்கள். மரண ஓட்டம் என்ற பந்தய வகையில், ட்ராக்கில் வரிசையாகக் கடக்க வேண்டிய கேட்டுகளில் (வாயில்களில்) முதல் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அந்த வண்டியின் ஆயுதம் வேலை செய்யும். முதல் கேட்டை ரொம்பப் பக்கத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ‘கார் வார்ஸ்’ என்ற பழைய கார்ச் சண்டை ஆட்டத்தின் மைதான வரைபடங்களை இதற்குப் பயன்படுத்தலாமா?

அப்படியே முடியாது. அதில் ஓர் அங்குலம் என்பது 15 அடி. கார் என்பது ஓரங்குல நீள அட்டைத் துண்டு. கேஸ்லேண்ட்ஸில் ஓட்டும் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் கிட்டத்தட்ட மூன்று அங்குலம். மும்மடங்கு பெரிதாக்கி, வரைபடத்தில் உள்ள சதுரங்களை மறந்துவிட்டு, சுவர்களின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சஸின் ஆஸ்டின் நகரில் இருப்பதாக அந்த ஆட்டம் கற்பனை செய்த ஆர்மடில்லோ அரங்கில் தொடங்கிப் பாருங்கள்.

கேள்வி: தடைகளுக்குத் தனியாக மாடல் வாங்க வேண்டுமா?

வேண்டாம். தீப்பெட்டி, பாட்டில் மூடி, காலி மாத்திரை அட்டை எல்லாமே சரிதான். வார்ப்பட்டை இடித்தால் நகராத அளவுக்குக் கனம் இருக்கட்டும். மூடிக்குள் கொஞ்சம் களிமண் அடைத்தால் போதும்.