14 நாளில் 11 முட்டை, ஒரு குஞ்சுகூட இல்லை: உங்கள் பட்ஜிகள் ஜோடிதானா?

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு பட்ஜிகள் (கூண்டில் வளர்க்கும் சிறு கிளிகள்) வாங்கினேன். அப்போது இரண்டுக்கும் நெற்றி முழுக்கக் கோடுகள் இருந்தன. மூக்கு, அதாவது அலகுக்கு மேல் நாசித் துளைகள் உள்ள சதைப்பகுதி, வெளிர் நீலமாக இருந்தது. மூக்கில் நீலம் சற்றுத் தூக்கலாக இருப்பது ஆண், மற்றது பெண் என்று விற்றவர் சொன்னார். முதல் நாளே கூண்டில் மண்பானை கட்டிவிட்டேன். இப்போது இரண்டின் மூக்கும் பழுப்பாகிச் சொரசொரப்பாகிவிட்டது. பானையில் 14 நாட்களில் 11 முட்டைகள் சேர்ந்தன. முதல் முட்டை இட்டு 25 நாட்கள் ஆகியும் ஒன்றுகூடப் பொரியவில்லை. கையை உள்ளே விட்டால் இரண்டும் கம்பியில் மோதிக்கொள்கின்றன. மூக்கில் வந்திருப்பது நோயா? குஞ்சு பெறவும் கையில் பழக்கவும் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: உங்களிடம் இருப்பவை இரண்டும் பெண்கள். பெண் பட்ஜி ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் முட்டையிடும். 14 நாட்களில் ஒரு பறவையால் 7 முட்டைக்கு மேல் இட முடியாது. ஒரே பானையில் 11 சேர்ந்திருந்தால் இரண்டு பறவைகள் இட்டிருக்க வேண்டும். மூக்கின் நிறமும் அதையே சொல்கிறது. வயது வந்த ஆணின் மூக்கு பளபளப்பான அடர் நீலமாக இருக்கும். இளம் பெண்ணின் மூக்கு வெளிர் நீலமாக இருந்தாலும் நாசித் துளைகளைச் சுற்றி வெண்மையான வளையம் தெரியும். அந்த வளையத்தைக் கவனிக்காமல் நீலத்தை மட்டும் பார்ப்பதால்தான் விற்பவரும் வாங்குபவரும் ஏமாறுகிறார்கள். முட்டையிடும் பருவம் வந்ததும் பெண்ணின் மூக்கு பழுப்பாகித் தடித்துச் சொரசொரப்பாகும், இது நோயன்று. அலகின் ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் கால்களிலும் தேன்கூடு போலத் துளைத்துளையாகச் சாம்பல் நிறப் பொருக்கு படர்ந்தால்தான் அது சிற்றுண்ணி நோய். அதற்கு மருத்துவரிடம் மருந்து உண்டு.

இரண்டும் கொஞ்சிக்கொள்கின்றன, ஒன்றுக்கொன்று இரையூட்டுகின்றன, எனவே ஜோடிதான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். ஆண் கிடைக்காத இடத்தில் இரண்டு பெண்களும், பெண் கிடைக்காத இடத்தில் இரண்டு ஆண்களும் அப்படித்தான் இணைந்து வாழும். பிற்காலத்தில் ஆண் வாங்கும்போது இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: முழு மஞ்சள், முழு வெள்ளை நிறப் பறவைகளில் ஆணின் மூக்கு வயதான பிறகும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவே நிற்கலாம், அவற்றில் நீலத்தைத் தேடிப் பயனில்லை.

இப்போதைய முட்டைகளை உடனே எடுத்து எறிந்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் இழந்ததை ஈடுகட்ட மீண்டும் இடத் தொடங்கும். ஒவ்வொரு முட்டையும் உடலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு வெளிவருவது. 35 கிராம் எடைகூட இல்லாத பறவைக்கு அது சிறிய செலவன்று. கடைசி முட்டைக்கு 18 நாள் அடைகாப்புக் கணக்கு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது; அதுவரை அடைகாக்கட்டும். ஐயம் தீர வேண்டுமானால், பறவைகள் வெளியே வந்திருக்கும் நேரத்தில் ஒரு முட்டையை எடுத்து இருட்டில் சிறிய டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் அடைகாத்த, கரு உள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை போல ஓடும், பிறகு உட்புறம் முழுவதும் கருத்துவிடும். உங்களுடையவை வெளிர் மஞ்சளாக, ஒளி ஊடுருவும்படி தெளிவாகவே தெரியும்.

ஆர்வம் குறைந்து அவை வெளியில் அதிகம் உட்காரத் தொடங்கியதும் முட்டைகளோடு பானையையும் அகற்றிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னரே மூக்கிலோ கால்விரலிலோ இரத்தக் காயம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் பானையை எடுத்து இரண்டையும் பிரித்து வையுங்கள். கூடு பிடிக்கும் சண்டையில் பெண் பட்ஜி இன்னொரு பெண்ணைக் கொன்றுவிடவும் கூடும்.

பருவம் வந்ததுமே இவை முட்டையில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிதான் பட்ஜியின் தாயகம். அங்கே மழைக்குப் பின் புல் விதை மிகும்போது, மரப்பொந்து கிடைத்தால், அவை காலம் தாழ்த்தாமல் இனப்பெருக்கம் செய்துவிடும். உங்கள் கூண்டில் தீனி எப்போதும் நிறைந்திருக்கிறது, பொந்துக்குப் பதில் பானை இருக்கிறது. பறவைக்கு வேறென்ன அழைப்பு வேண்டும்? ஆகவே பானையை எடுத்தபின் வெளிச்சத்தை நாளுக்குச் சுமார் 10 மணி நேரமாகக் குறையுங்கள், வேகவைத்த முட்டை போன்ற சத்துணவை நிறுத்துங்கள், உட்காரும் குச்சிகளின் இடத்தை மாற்றுங்கள். கடல்நுரை ஓட்டை (சுண்ணாம்புச் சத்துக்காகப் பறவை கொறிக்கும் கணவாய் ஓடு) மட்டும் எப்போதும் தொங்கவிட்டு வையுங்கள். இதற்கிடையில் ஏதேனும் ஒன்று கூண்டின் தரையில் இறங்கி, உடலை உப்பிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வால் ஆட உட்கார்ந்திருந்தால் முட்டை அடைத்துக்கொண்டிருக்கலாம். எண்ணெய் விடுவது, வயிற்றைப் பிசைவது போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டாம். சூடான இடத்தில் வைத்து, அன்றே பறவை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பழக்கும் வேலை பானை போன பிறகுதான் தொடங்க வேண்டும். அடைகாக்கும் பெண் கூட்டைக் காக்கும். அந்த நேரத்தில் நீட்டப்படும் கை அதற்கு எதிரியின் கைதான். வாங்கும்போது இருந்த நெற்றிக்கோடுகள் குஞ்சுப் பருவத்தின் அடையாளம் என்பதால், இப்போது அவற்றுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். நல்ல வேளையாக, அது பழக்குவதற்குத் தாமதமான வயதன்று, இரண்டு சேர்ந்திருப்பதால் மட்டும் சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கும்.

முதல் வாரம் கூண்டை உங்கள் முகத்தின் உயரத்தில், ஒரு பக்கம் சுவரையொட்டி வைத்து, அருகில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசினால் போதும். வானத்திலிருந்து பாயும் கழுகுக்கு அஞ்சிய இனம் இது. மேலிருந்து இறங்கும் கை எதுவானாலும் சிதறி ஓடும். ஆகவே கை எப்போதும் பறவையின் மார்புக்குக் கீழிருந்து, மெதுவாக வர வேண்டும். இரண்டாம் கட்டமாக ஒரு தினைக் கதிரின் காம்பைப் பிடித்து, கூண்டுக் கதவின் வழியே கையை உள்ளே விட்டு, அசையாமல் காத்திருங்கள். பறவையின் உடலைப் படித்துக்கொண்டே இருங்கள். இறகுகள் உடலோடு ஒட்டி, கழுத்து நீண்டு, மெலிந்து உயர்ந்து தெரிந்தால் அச்சம். கையை அங்கேயே நிறுத்துங்கள், பின்னே இழுக்கவும் வேண்டாம். ஒருமுறை உப்பி உதறிக்கொண்டால் இறுக்கம் தளர்ந்துவிட்டது என்று பொருள். சில நாட்களில் துணிச்சலானது கழுத்தை நீட்டி ஒரு மணியைக் கொத்திவிட்டுத் திரும்பும். மற்றொன்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். கதிருக்கும் பறவைக்கும் இடையில் சுட்டுவிரலைக் குறுக்கே நீட்டி, விரலில் ஏறினால்தான் தினை எட்டும் என்ற நிலைக்குக் கொண்டுவருவது மூன்றாம் கட்டம். ஒவ்வொரு முறையும் 10 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம். கொத்தினால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கொத்தினால் கை ஓடிவிடும் என்பதை அது ஒரே நாளில் கற்றுவிடும். கையுறை அணிந்து பிடித்துப் பிடித்துப் பழக்குவதும், சிறகை வெட்டுவதும் எனக்கு உடன்பாடில்லாத முறைகள். அப்படிப் பழகிய பறவை தப்ப வழியில்லாமல் உட்கார்ந்திருப்பதை நாம் பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

அறையில் பறக்கவிடும் நாளில் விசிறியை நிறுத்தி, சன்னல் கண்ணாடியையும் நிலைக்கண்ணாடியையும் திரையிட்டு மூடுங்கள். நான்-ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும்போது எழும் ஆவி சில நிமிடங்களில் பட்ஜியைக் கொன்றுவிடும் என்பதால் சமையலறைக்கு அருகில் கூண்டு இருக்கவே கூடாது.

தீனி பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்ஜி விதையை அப்படியே விழுங்காது. உமியை உரித்துத் தீனிக்கிண்ணத்திலேயே விட்டுவிடும். மாலையில் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பது போலவே தோன்றும், இருப்பதோ மேலே உமியும் அடியில் நாலைந்து மணிகளும்தான். இதை நம்பிப் பறவையைப் பட்டினி போட்டவர்கள் பலர். தினமும் ஊதிப் பாருங்கள். வெறும் விதை மட்டும் கொடுத்தால் வைட்டமின் ஏ குறையும், கொழுப்பும் சேரும். துருவிய கேரட், கீரை வகைகள் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு.

குஞ்சு வேண்டுமானால் இரண்டும் ஒரு வயதைத் தாண்டிய பிறகு முயலுங்கள். ஒரே ஒரு ஆணை வாங்கி இரண்டு பெண்களுக்கு நடுவில் விடுவது சண்டையை விலைக்கு வாங்குவது. ஒரு பெண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து, புதிய ஆணை ஒரு மாதம் வேறு அறையில் வைத்து நோயில்லை என்று உறுதி செய்தபின், அந்த இரண்டையும் தனிக்கூண்டில் சேருங்கள். பானையைவிட மரப்பெட்டி நல்லது: பின்கதவைத் திறந்து தினமும் பார்க்கலாம், சுத்தம் செய்யலாம். ஆனால் பானையின் குழிவான அடிப்பகுதி அதன் நற்குணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டையான பலகையில் வளரும் குஞ்சுகளுக்குக் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகக்கூடும். ஆகவே குழி வெட்டிய பலகையுள்ள பெட்டியாக வாங்கி, மரச்சீவலைச் சற்றே பரப்புங்கள்.

முதல் முட்டையிலிருந்தோ இரண்டாவதிலிருந்தோ அடைகாப்பு தொடங்குவதால் குஞ்சுகளும் ஒன்றுவிட்டு ஒரு நாள் வெளிவரும். மூத்ததற்கும் கடைசிக்கும் பத்து நாள் இடைவெளி இருக்கலாம். கடைசிக் குஞ்சு மிதிபடாமல் இருக்கிறதா, அதன் கழுத்தடியில் உள்ள தீனிப்பை நிறைந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு வாரம் ஆனதும், பெட்டியைச் சுத்தம் செய்யும் சாக்கில் ஒவ்வொன்றையும் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்திருங்கள். தாயிடமிருந்து பிரித்து, குழாயால் ஊட்டி வளர்க்கத் தேவையில்லை. அனுபவமில்லாத கையில் அது குஞ்சின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஐந்தாவது வாரத்தில் குஞ்சுகள் பெட்டியை விட்டு இறங்கும். அதன்பின் பெரும்பாலும் தந்தைதான் ஊட்டும். தாய் அடுத்த முட்டைக்கு ஆயத்தமாகிக் குஞ்சுகளைக் கொத்தத் தொடங்கலாம். தாமே உமி உரித்துத் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே குஞ்சுகளைப் பிரியுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் குஞ்சு பொரிக்க விடாமல் பெட்டியைக் கழற்றிவிடுங்கள்.