ஈவன்சாங்குக்குப் போகலாமா? ஆங்கிலிக்கன் ஆராதனை பற்றிச் சில கேள்விகள்

நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், ஞாயிறுதோறும் ஆங்கிலிக்கன் சபைக் கோவில் (இங்கிலாந்துத் திருச்சபை) வாசலில் நின்று ஜெபப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. இங்கே படிக்கவும் வேலைக்கும் வந்த நம் ஆட்கள் கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் இந்து. பழைய முறை ஆராதனையை ஒரு தடவை பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா? எதற்கு முதலில் போவது?

தாராளமாகப் போகலாம். யாரும் சாதி, மதம் கேட்க மாட்டார்கள். விபூதியோடு போனாலும் சரிதான். செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண்கள் தொப்பியை எடுத்துவிட்டால் போதும்.

முதல் தடவை என்றால் மாலை ஆராதனைக்குப் போங்கள். ஈவன்சாங் என்பார்கள். கதீட்ரல் என்கிற பேராலயங்களில் பெரும்பாலும் மாலை ஐந்து, ஐந்தரைக்கு. முக்கால் மணி நேரம்தான். இதில் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற சடங்கு, கிடையாது என்பதால், எழுந்து முன்னால் போவதா வேண்டாமா என்ற சங்கடமே வராது. வெஸ்ட்மின்ஸ்டர் அபே, யார்க் மின்ஸ்டர் மாதிரி சுற்றிப் பார்க்கக் கட்டணம் வாங்குகிற இடங்களிலும் ஆராதனைக்கு வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. பள்ளி விடுமுறை நாட்களில் பாடகர் குழுப் பிள்ளைகள் பாட மாட்டார்கள். வெளியூர்க் குழு வரும், அல்லது பாட்டே இருக்காது. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது எழுவது, எப்போது உட்கார்வது?

இரண்டு மூன்று வரிசை தள்ளி உட்காருங்கள். முன்னால் இருப்பவர் செய்வதைச் செய்யுங்கள். பாட்டுக்கும் சங்கீதத்துக்கும் (பைபிளில் உள்ள சங்கீதப் புத்தகப் பாடல்கள்) எழுவார்கள், வேதவாசிப்புக்கு உட்காருவார்கள், ஜெபத்துக்கு முழங்கால். முன்பெஞ்சின் பின்புறம் பூவேலை செய்த சின்ன மெத்தை தொங்கும், அது முழங்காலுக்கு. முட்டி வலிக்காரர்கள் குனிந்து உட்கார்ந்தால் போதும், பாதிப் பேர் அப்படித்தான். விசுவாசப்பிரமாணம், அதாவது நம்பிக்கை அறிக்கை, சொல்லும்போது எல்லாரும் சட்டென்று கிழக்கே திரும்பினால் திகைக்காதீர்கள். பீடம் அந்தப் பக்கம்.

கதீட்ரலில் பாடகர்கள் உட்காருகிற மரச் செதுக்கு இருக்கைகளுக்குப் பக்கத்திலேயே நம்மையும் உட்கார வைப்பார்கள். நான் முதல் தடவை போனபோது மெத்தென்று ஒரு இருக்கையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். கையில் வெள்ளிக் கோலோடு வந்த வெர்ஜர், அதாவது கோவில் ஊழியர், மெதுவாகக் குனிந்து, அது கதீட்ரல் குருமார் ஒருவருடைய இடம் என்றார். பெயர் எழுதிய இருக்கையை விட்டுவிடுங்கள்.

நான் சி.எஸ்.ஐ. பெண். எங்கள் கோவிலில் சபையே சேர்ந்து பாடும். இங்கே யாரும் வாயைத் திறக்கவில்லையே?

கதீட்ரலில் அப்படித்தான். சங்கீதம், மரியாளின் பாட்டு, சிமியோனின் பாட்டு என்ற பைபிள் பாடல்கள், எல்லாம் பாடகர் குழுவின் பொறுப்பு. நாம் கேட்டுக்கொண்டே உள்ளுக்குள் ஜெபிக்கிறோம். எனக்கும் முதலில் வாய் நமநமவென்றுதான் இருந்தது. விசுவாசப்பிரமாணம் மட்டும் எல்லாரும் சொல்வோம்; சில நாள் கடைசியில் ஒரு பாமாலையும் உண்டு. ஊர்க்கோவில் ஈவன்சாங்கில் சபையும் சேர்ந்து பாடும்.

சங்கீதப் புத்தகம் முழுவதையும் 30 நாளாகப் பிரித்து, காலைக்கு இவ்வளவு மாலைக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு மாறாத இடத்துக்கு 15ஆம் தேதி மாலை போனால், 78ஆம் சங்கீதம், 70 வசனத்துக்கு மேல், நின்றுகொண்டே கேட்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் அந்நிய இடத்துக்கு வரவில்லை. 1947இல் தென்னிந்திய திருச்சபையாக, அதாவது நம் சி.எஸ்.ஐ.யாக, ஒன்றுசேர்ந்தவற்றில் ஆங்கிலிக்கன் சபைகளும் உண்டு. சபைக் குருவான ஐயர் ஒரு வரி சொல்ல நாம் ஒரு வரி சொல்கிறோமே, அந்த வழக்கத்தின் ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஜெபப் புத்தகம் புரியவில்லை, ஐயா.

அது 1662ஆம் வருடத்துப் புத்தகம். அதிலும் பெரும்பகுதி கேன்டர்பரி பேராயர் கிரான்மர் 1549இல் கொண்டுவந்த புத்தகத்திலிருந்து வந்தது. வார்த்தை அப்படியே நின்றுவிட்டது, அர்த்தம் நகர்ந்துவிட்டது. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் இல்லையா, அதுபோல. 'க்விக்' என்று வந்தால் வேகம் இல்லை, உயிரோடிருப்பவர்கள். அதிகாரிகள் 'இன்டிஃபரன்ட்லி' நீதி செய்ய வேண்டும் என்று ஒரு ஜெபம் வரும். நானும் ரொம்ப நாள் 'ஏனோதானோவென்று' என்றே நினைத்திருந்தேன். பாரபட்சமில்லாமல் என்று பொருள்.

இன்று பல கோவில்களில் புதிய முறைதான். பழையது வேண்டுமென்றால் அறிவிப்புப் பலகையில் 'பி.சி.பி.' (அந்த ஜெபப் புத்தகத்தின் ஆங்கிலப் பெயரான 'புக் ஆஃப் காமன் பிரேயர்' என்பதன் சுருக்கம்) அல்லது '1662' என்று இருக்கிறதா பாருங்கள்.

திருவிருந்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

ஞாயிறு காலை 8 மணி ஆராதனையில் பழைய முறையை இன்னும் பார்க்கலாம். பாட்டு இல்லை, பேச்சுக்குரல்தான். பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மூலையில். 1662 முறையை அப்படியே செய்கிற இடங்களில் பத்துக் கட்டளைகளையும் குருவானவர் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் இரக்கம் கேட்டுச் சபை பதில் சொல்லும்.

ஞானஸ்நானம் பெற்று, உங்கள் சபையில் திருவிருந்து எடுக்கிறவர் என்றால் இங்கேயும் எடுக்கலாம். பீடத்துக்கு முன்னுள்ள கம்பி அருகே முழங்காலிட்டு, இடது உள்ளங்கைமேல் வலது கையை வைத்து நீட்டுங்கள். அப்பம் மெல்லிய வட்டத் தகடு. திராட்சரசம் உண்மையான மது, ஒரே கிண்ணம். வேண்டாமென்றால் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். அல்லது முன்னால் போய்க் கைகளை மார்பில் குறுக்காக வைத்தால், தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள்.

காணிக்கை எவ்வளவு?

இஷ்டம். தட்டு வந்தால் சும்மா அடுத்தவருக்கு நகர்த்தினாலும் யாரும் கவனிப்பதில்லை.

குழந்தை அழுதால்? போட்டோ எடுக்கலாமா?

குழந்தை அழும், பரவாயில்லை. வாசல் பக்கம் உட்காருங்கள். போட்டோ கூடாது, போனை அணைத்துவிடுங்கள்.

முடிந்தபிறகும் ஆர்கன் வாசிக்கிறார்களே, எழுந்து போகலாமா?

போகலாம். நான் உட்கார்ந்து கேட்பேன். ஊர்க்கோவிலில் அதற்குள் பின்னால் டீ கொதிக்கிற சத்தம் வந்துவிடும். வாசலில் குருவானவர் எல்லாருக்கும் கைகொடுப்பார். எந்த ஊர் என்று கேட்டால், பாளையங்கோட்டை என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.